மணமேல்குடி, மதியம் இரண்டு மணி

மற்ற வீட்டுப் புருஷன்மார் வெளியூரில் வேலை பார்த்தால் மத்தியானம் போன் போட்டு, சாப்பிட்டியா என்று கேட்பார்கள். அடைக்கலமேரியின் வீட்டுக்காரர் ஜெரோம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக எண் அனுப்புவார். திங்கள் மதியம் முதல் வெள்ளி மதியம் வரை, காலை ஆறு மணிக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. மணமேல்குடி கடற்கரையில் அந்த நேரத்துக்கு எத்தனை டிகிரி வெப்பம் என்பதுதான் அந்த எண். முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை இருக்காது. பதினொரு வருஷமாக அந்த எண் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் இலுப்பூரில் அரசுப் பள்ளிக்கூடத்து பூகோள டீச்சர். வீடு ஆவூரில், அப்பா வழி வந்த வீடு. ஜெரோமுக்கு மணமேல்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. அங்கே ரூம் எடுத்துத் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவார், திங்கள் விடியக் கிளம்பிவிடுவார். ஒருத்தி உள்நாட்டில், ஒருத்தர் கடலோரத்தில். பருவமழைப் பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருச்சியில் ஒரே கடையில் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கினாள். ஆசாரியிடம் சொல்லி, காற்று நுழைகிற மாதிரி பட்டை அடித்த இரண்டு மரப்பெட்டி செய்து வெள்ளை பெயின்ட் அடித்தாள். ஒன்று ஆவூர் வீட்டு வடக்குச் சுவரில், இன்னொன்று மணமேல்குடி ரூமின் வடக்குச் சுவரில். நெஞ்சு உயரம், நிழல், பார்க்கும்போது மூச்சுக்காற்று படக்கூடாது, கண்ணுக்கு நேராக வைத்துத்தான் படிக்க வேண்டும். ஜெரோம் ஒரு தடவை சொன்னதைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் கிடந்த நாள்கூட, கணக்குக்கு ஏதோ ஒன்றை எழுதி அனுப்பாமல், ‘2 – பார்க்கவில்லை’ என்று அனுப்பிய மனுஷர் அவர். அந்தச் செய்தியை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தாள்.

நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். பாடத்தில் இது இரண்டு வரிதான். ஆனால் வகுப்புச் சுவரில் அடைக்கலமேரி ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தால் அந்த இரண்டு வரிக்கும் உயிர் வந்துவிடும். சிவப்புக் கோடு ஆவூர், நீலக் கோடு மணமேல்குடி. மே மாதம் ஏற ஏறச் சிவப்பு மதியத்தில் நாற்பதைத் தொடும். நீலம், கடல்காற்று இறங்கியதும் முப்பத்து நாலில் நின்றுவிடும். நடுவே ஐந்து, ஆறு டிகிரி இடைவெளி. விடியற்காலையில் பார்த்தால் தலைகீழ், நிலம் ஆறிக்கிடக்கும், கடற்கரைதான் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த மாதிரி வித்தியாசம் ஒரு தேசத்து அகலத்துக்கு இருந்தால் அதுதான் காற்றைக் கடலிலிருந்து இழுத்துவருகிறது, அதன் பின்னால் மழை வருகிறது என்று சொல்லிக்கொடுப்பாள். இரண்டு தெர்மாமீட்டரை வைத்துப் பருவமழையை அளந்துவிட முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேரளாவில் மழை இறங்கிவிட்டது என்று செய்தி வருகிற வாரத்தில் பிள்ளைகள் சார்ட்டுக்கு முன்னால் கூடி நிற்கும்போது அவளுக்கு ஒரு பெருமை வரும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜூனில் நீலக்கோடு திடீரென்று மேலே ஏறிச் சிவப்போடு ஒட்டிக்கொண்டது. மதியம் ஆவூரில் முப்பத்தொன்பது என்றால் மணமேல்குடியில் முப்பத்தெட்டரை. விடியற்காலையிலும் அரை டிகிரிதான் வித்தியாசம். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொன்னாள். சரியாகப் பூஜ்யம் காட்டுகிறது என்றார் ஜெரோம். கடல்காற்று வருதாங்க என்று போனில் கேட்டாள். பெருசா ஒண்ணும் தெரியல மேரி என்றார். பாவி மனுஷர், அதுவும் உண்மைதான். அது எந்த ஊர் உண்மை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

கடல்களெல்லாம் சூடாகின்றன என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதுதான் நம் வாசலுக்கும் வந்துவிட்டது என்று முடிவுகட்டினாள். ராத்திரியும் பகலுமாகப் படித்தாள். மாவட்ட அளவில் பூகோள ஆசிரியர்கள் கூடிய பயிற்சியில் பதினைந்து நிமிஷம் இதைப் பேசினாள், எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை வீட்டில் ஜெரோமை உட்கார வைத்து முழுசையும் பேசிக் காட்டியிருந்தாள். அவர் முழுசாகக் கேட்டார். நல்லாருக்கு, கொஞ்சம் மெதுவாப் பேசு என்றார்.

இந்த வருஷம் அவளுக்கு வேறொரு எண்ணம் வந்தது. மகள் ஷெரின் போன ஜூனில் நர்சிங் படிக்கத் திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அத்தனை பெரிய வீட்டில் அவள் ஒருத்திக்காகச் சோறு வடிக்க அலுப்பாக இருந்தது. மாறுதல் கலந்தாய்வு வருகிறது, மணமேல்குடியில் பூகோள டீச்சர் இடம் காலி. கணவர் அங்கே வேலை பார்க்கிறார் என்று அவர் அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் முன்னுரிமையில் முதல் வரிசையிலேயே கிடைத்துவிடும். பதினாலு வருஷம் இருந்த பள்ளிக்கூடத்தையும், பிறந்த ஊரையும், ஞாயிறு தவறாமல் போன மாதா கோயிலையும் விட்டுவிட்டுப் போகத் தயாரானாள். எதற்கு? புருஷனோடு ஒரு வீட்டில் இருக்கத்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் சேர்ந்தாற்போல் இருபது நாள் இருந்ததில்லை.

ஜெரோமிடம் சொன்னபோது உப்புத்தண்ணி ஒனக்கு ஒத்துக்காது என்றார். அடுத்த வாரம், அங்கே நல்ல வீடு கிடைக்காது என்றார். அதற்கடுத்த வாரம் ஆபீசர் லீவு, சான்றில் கையெழுத்துப் போட ஆளில்லை. கலந்தாய்வு திங்கட்கிழமை என்று தேதி வந்த பிறகு, ஒன் இஷ்டம் மேரி என்று சொல்லிவிட்டு, வாங்கிவந்த நண்டைக் கழுவப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை தோறும் மணமேல்குடியிலிருந்து நண்டோ இறாலோ வாங்கிவருவது அவர் வழக்கம். இவர் சரி என்று சொன்ன தினுசு இதுதான் என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

கலந்தாய்வுக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் இரண்டுக்கு 39 வந்தது. சாயங்காலம் ஆறுக்கு வந்த எண் 25. அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். ஆவூரில் அப்போது முப்பத்தைந்தரை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நாலு மணி நேரத்தில் பதினாலு டிகிரி இறங்க வேண்டுமென்றால் இடியும் மழையுமாகக் கொட்டியிருக்க வேண்டும். மழையா என்று கேட்டு அனுப்பினாள். ‘ம்’ என்று பதில் வந்தது. பரவாயில்லையே, கடற்கரை குளிர்ந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பரிமளா தாமதமாக வந்தாள். அவள் வீடு புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்தில். நேற்றுச் சாயங்காலம் தங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை, ஸ்கூட்டருக்குள் தண்ணீர் போய்க் காலையில் கிளம்பவில்லை, டவுனைத் தாண்டி எங்கேயும் ஒரு சொட்டு இல்லையாம் என்று புலம்பினாள். அடைக்கலமேரி வழக்கம்போல் பேப்பரில் மழையளவுப் பட்டியலைக் கத்தரிக்க எடுத்தாள். புதுக்கோட்டை 62 மில்லிமீட்டர். இலுப்பூர் இல்லை. மணமேல்குடி இல்லை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால், இந்த மனுஷன் வாய்க்கு வந்த நம்பரை அனுப்பியிருக்கிறான் என்று நினைத்திருப்பாள், இரண்டு திட்டுத் திட்டியிருப்பாள், அதோடு விஷயம் முடிந்திருக்கும். அடைக்கலமேரியால் அப்படி நினைக்க முடியவில்லை. ஜெரோம் எண்ணில் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் இருபத்தைந்து உண்மை. இருபத்தைந்து உண்மையென்றால் அந்த வெள்ளைப் பெட்டி மழை பெய்த இடத்தில் தொங்குகிறது. அவரை அவ்வளவு நம்பியதால்தான் இவ்வளவு தூரம் யோசித்தாள். மணமேல்குடி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஜெரோம் சாருங்களா, அவரு இங்க இல்லீங்களே, டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் புதுக்கோட்டை ஆபீசுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்களே என்றார்.

இந்த இடத்திலிருந்து அவனுக்கு ‘அவர்’ எதற்கு?

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம்தான். தினமும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். அவனுக்கு அந்த மாறுதல் கிடைக்க வேண்டுமென்று எத்தனை வருஷம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள்! கிடைத்துவிட்டது, கிடைத்ததை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அலுவலகத்தில் உதவியாளர் ஐயனார் என்பவர், சார் ரூமுக்குப் போயிருக்காருங்க, தெனமும் ரெண்டு மணிக்கு என்னமோ பாக்கணும்னு போவாரு என்று சொல்லித் திருக்கோகர்ணத்துக்கு வழி சொன்னார். ஆட்டோவில் போகும்போது இன்னொருத்தியைப் பார்க்கத் தயாராகிக்கொண்டாள். அவளை என்ன கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

மாடியில் ஒற்றை ரூம். கதவு திறந்தே இருந்தது. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சீப்பு. கொடியில் வரிசையாக மடித்துப் போட்ட சட்டைகள். வீட்டில் ஒரு நாள்கூடத் தன் சட்டையை அவன் மடித்ததில்லை. ஜன்னலில் இரண்டு ரோஜாத் தொட்டி, பூத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் அப்படி நிம்மதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஈயாடவில்லை.

“வேற யாரும் இல்ல மேரி,” என்றான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

“தெரியுது,” என்றாள். யாராவது இருந்திருக்கலாமே என்றிருந்தது அவளுக்கு. யாராவது இருந்திருந்தால் அவளோடு மல்லுக்கட்டலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம். இந்த ஒற்றை டம்ளரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவனாகவே சொன்னான். மாறுதல் ஆர்டர் வந்த அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தானாம். சாமானை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமே என்று இந்த ரூமைப் பிடித்தானாம். ஒரு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று நினைத்தானாம்.

“அந்த ஒரு வாரம் நல்லா இருந்துச்சு மேரி. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அங்கிட்டுத் தனியா இருந்து பழகிப்போச்சு எனக்கு. வீட்டுக்கு வந்தா ரெண்டாம் நாளே எப்படா திங்கட்கெழம வரும்னு இருக்கு. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல.”

குற்றம் இல்லையாம். குற்றம் என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன் என்றாவது சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? அவள் கட்டிலில் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் இருந்தாள்.

“எல்லார் முன்னாலயும் நின்னு, கடல் சூடாயிருச்சுன்னு பேசினேன். அதுக்கு முந்தின சனிக்கெழம ஒங்ககிட்டப் பேசிக் காட்டினேன். அன்னைக்காவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

அவன் தரையைப் பார்த்தான். “நான் நம்பர்ல ஒரு நாளும் பொய் எழுதல,” என்றான்.

“அப்ப நண்டு?”

“இங்க மார்க்கெட்லதான்,” என்றான் மெல்ல.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அதோடு அழுகையும். இரண்டையும் அடக்கிக்கொண்டு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். திங்கட்கிழமை அவள் மணமேல்குடியை எடுத்திருந்தால்? வீட்டைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பெட்டியோடு அங்கே போய் இறங்கியிருந்தால்?

“அதுக்குள்ள சொல்லியிருப்பேன்.”

“எப்ப? இன்னைக்கு வெள்ளிக்கெழம.”

நம்பரில் பொய் சொல்லாத மனுஷன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், அவள் வீட்டைக் காலி செய்கிறவரைக்கும். பக்கத்துக் கோயிலிலிருந்தோ எங்கிருந்தோ மணி இரண்டு அடித்தது. அவன் கண் தன்னையறியாமல் வெளியே வடக்குச் சுவருக்குப் போய்வந்தது. அங்கே வெள்ளைப் பெட்டி தொங்கியது. நெஞ்சு உயரம், நல்ல நிழல், அவள் சொன்னபடியே எல்லாம்.

“போய்ப் பாருங்க,” என்றாள். “நேரமாச்சு.”

அவன் போனான். நிஜமாகவே எழுந்து போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தான். அவள் படியிறங்கிக்கொண்டிருக்கும்போது பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தான், கையில் நண்டு இல்லாமல். உள்ளே வந்து மேசைமேல் ஒரு கவரை வைத்தான். அலுவலகத்தில் வாங்கிய சான்று. எத்தனை வாரம் கெஞ்சினாள், அப்போதெல்லாம் ஆபீசர் லீவு. இப்போது சனிக்கிழமையில் வீடு தேடிப்போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறான். முத்திரை போட்ட தாளில் தெளிவாக அடித்திருந்தது, திருமதி அடைக்கலமேரியின் கணவர் இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜூன் மாதம் முதல் புதுக்கோட்டையிலுள்ள இந்த அலுவலகத்தில் பணிபுரிந்து வருகிறார் என்று. அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சங்கதிக்கு அரசாங்க முத்திரை வேறு.

புதுக்கோட்டை டவுன் பள்ளிக்கூடத்திலேயே ஓர் இடம் காலியாக இருக்கிறது, இந்தச் சான்றைக் கொடுத்தால் கிடைத்துவிடும், அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றான். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல் கடகடவென்று சொன்னான். அவள் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இருபது வருஷத்து மனசு அந்த ஒரு நிமிஷம் சட்டென்று இளகியது. ஒரு வார்த்தை சரியாகச் சொன்னானென்றால் போதும் என்றிருந்தது.

“ஒங்களுக்கு வேணுமாங்க?” என்று கேட்டாள்.

அவன் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஒனக்கு வேணும்னா,” என்றான்.

திங்கட்கிழமை கலந்தாய்வு நடந்த அறையில் கூட்டம் நெரிந்தது. முன்னுரிமைக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். அடைக்கலமேரி பேரையும் கூப்பிட்டார்கள், ஏனென்றால் விண்ணப்பத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தாள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அலுவலர் வயதானவர், பொறுமைசாலி. சான்று எங்கேம்மா என்றார். இல்லீங்க என்றாள். கவர் கைப்பையில்தான் இருந்தது. சான்று இல்லாவிட்டால் சாதாரண வரிசையில்தான் வரவேண்டும், நேரமாகும் என்றார் அவர். பரவால்லீங்க என்று போய் உட்கார்ந்தாள்.

நேரமாகியது. டவுன் பள்ளிக்கூடத்து இடம் இன்னும் போகவில்லை என்று பக்கத்தில் ஒரு டீச்சர் சொன்னாள். அடைக்கலமேரி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்க் கவரை நீட்டினால் முடிந்தது. ஒரே ஊர், ஒரே வீடு, ஊர் வாயை மூடலாம், ஷெரினிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் ஜன்னலில் உட்கார்ந்து திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பான், போவதற்குத்தான் வேறு ஊர் இருக்காது. அதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரியாக இரண்டு மணிக்குப் போன் அதிர்ந்தது. 38.5. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணுக்குப் பக்கத்தில் ஊர்ப்பேரும் போட்டிருந்தான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்ளாமலே போனைப் பைக்குள் போட்டாள்.

அவள் முறை வந்தபோது மூன்றரை ஆகியிருந்தது. கடலோரத்து இடங்களெல்லாம் அப்படியே காலியாகக் கிடந்தன, அவ்வளவு தூரம் யார் போவார்கள். மணமேல்குடி என்றாள். இரண்டு வருஷமாகக் காணாமல் போன நீலக்கோடு அங்கேதான் இருந்தது. அலுவலர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பதினாலு வருஷம் சொந்த ஊர்ப் பக்கம் இருந்துவிட்டு, கட்டாயம் எதுவும் இல்லாமல், யாராவது தானாகப் போய் அதைக் கேட்பார்களா? டவுன்ல ஒரு எடம் இன்னும் இருக்கும்மா, சாதாரண வரிசையிலயே ஒங்களுக்கு வருது, யோசிச்சுச் சொல்லுங்க என்று இரக்கப்பட்டுச் சொன்னார். யோசிச்சுட்டேங்க என்றாள். அவர் ஆணையை அச்சடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“அங்க ஒங்களுக்கு யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்லீங்க,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.